கொச்சித் துறைமுகத்தில் ஒரு குழல் இரத்தம்

கடல் ஏறி வந்த 2004 டிசம்பருக்குப் பிறகு, எங்கள் அரசு ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் அறையில் எனக்கு வேலை போட்டார்கள். அடுத்த வருடம் முழுக்க அங்கேதான் நின்றேன். குளச்சலுக்கு மேற்கே உள்ள கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். இடிந்த வீட்டைக் கிளறும்போது தகரம் கிழித்தது, ஆணி ஏறியது, ஓட்டுத்துண்டு குத்தியது என்று வருவார்கள். பெரும்பாலான காயங்கள் சில வாரங்களில் ஆறிவிடும். சில ஆறாது. மருந்து வைத்துக் கட்டக் கட்ட உள்ளே குடைந்துகொண்டே போகும். அப்படிப்பட்டவர்களுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கும். தங்களுக்கு அந்த நோய் இருப்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரியும்.

அவர்களில் ஒரு மீனவருக்குக் கால் பெருவிரலில் ஆரம்பித்தது. விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை எடுத்தார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. ஒவ்வொரு முறையும் அவரைத் தோளில் தாங்கிக் கூட்டிவந்தது அவருடைய தம்பி. தம்பி அதிகம் பேச மாட்டார். நான் கட்டைப் பிரிக்கும்போது சுவரைப் பார்த்து நிற்பார். கால் போன பிறகு அண்ணன் நெடுநாள் இருக்கவில்லை.

மாதக் கடைசியில் மேலே அனுப்பும் அறிக்கையில் எத்தனை கட்டுப் போட்டோம் என்று எழுதுவோம். ஒரே காலுக்குப் பலமுறை கட்டினாலும் ஒவ்வொன்றும் கணக்கில் சேரும். அந்தக் கால் பிழைத்ததா, போனதா என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை. நிறையக் கட்டுப் போட்ட மாதத்தில் நன்றாக வேலை செய்ததாக நினைத்துக்கொள்வோம்.

சில வருடங்கள் கழித்துச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தனித் திட்டம் வந்தது. அதற்கென்று தனி மேசை, தனி நர்ஸ். நானாகவே கேட்டு அந்த மேசைக்குப் போனேன். புதிதாக ஒரு டாக்டரும் வந்து சேர்ந்தார். மதுரைப் பக்கத்துப் பெண், என்னைவிட இளையவர். எங்கள் ஊர்ப் பேச்சு முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. பேசுகிறார்களா பாடுகிறார்களா என்று என்னிடம் கேட்பார்.

முப்பது வயது தாண்டியவர்களை எல்லாம் சோதிப்பதற்காகக் கடற்கரை ஊர் ஒன்றின் பங்குப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டோம். சாமியார் ஞாயிறு பூசையில் அறிவித்திருந்ததால் நல்ல கூட்டம். நெத்தோலி காயவைத்து விற்கும் ஒரு பெண் தன் கணவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தாள். அவர் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, இரவில் எழும்பி எழும்பி வெள்ளம் வேண்டும்போல் இருக்கிறது என்றார். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வயதில் இராத்திரி எழுந்து வெல்லம் சாப்பிட்டால் சர்க்கரை வராமல் என்ன செய்யும் என்று கடிந்துகொண்டார். அந்த மனிதர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர் என்று நான் சொன்னதும் டாக்டர் முதலில் நாக்கைக் கடித்தார், பிறகு சிரித்தார். அந்த மனிதரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அவர் என் பக்கம் திரும்பியபோதுதான் ஆளை எனக்கு அடையாளம் தெரிந்தது. சுவரைப் பார்த்து நின்ற அதே தம்பி.

விரலில் குத்திப் பார்த்தேன். முந்நூற்று ஐம்பதுக்கு மேலே. காலைக் காட்டச் சொன்னேன். இடது பாதத்தின் அடியில் ஒரு வெடிப்பு, சுற்றிலும் தோல் வெளுத்துத் தடித்திருந்தது. அது இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. வலித்தால்தானே தெரியும்.

"எனக்க அண்ணனுக்க காலை நீங்க கெட்டும்போ நான் பக்கத்துல நின்னவன், சிஸ்டரே," என்றார். "மாத்திரை எத்தனை வேணுமோ தாருங்க, திங்கியேன். ஊசி மட்டும் வேண்டாம். ஊசி தொடங்கின பின்னதான் அவன் போனான்."

ஊசியால் போகவில்லை, ஊசி தாமதமாக வந்ததால் போனார் என்று சொல்ல என் வாய் வரை வந்தது. டாக்டர் முந்திக்கொண்டார். சரி, மாத்திரையே தருகிறேன், மூன்று மாதம் நான் சொல்கிறபடி சாப்பிடுங்கள், அதுவரை கடலுக்குப் போகக் கூடாது, அதற்குள் சர்க்கரை இறங்காவிட்டால் அப்புறம் என் பேச்சைக் கேட்க வேண்டும் என்றார். ஒரு பேரம் போலத்தான் இருந்தது. அவர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். ஒப்புக்கொண்டார்.

மூன்று மாதம் அவர் வீட்டில் இருந்தது சிறிய விஷயம் இல்லை. அவர் ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டிச்செல்பவர். அவர் இல்லாமல் ஆட்கள் வேறு ஸ்ராங்கோடு போனார்கள். அவர் மெத்தென்ற ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு நாள் தவறாமல் கட்டுக்கு வந்தார். கோயிலுக்குப் போனாலும் செருப்பைக் கழற்ற மனம் கேளாமல் வாசலிலேயே நின்று பூசை கண்டதாக அவருடைய மனைவி சொன்னாள். மரச்சீனிக் கிழங்கைக் குறைத்தார். சாயாவில் சீனியை விட்டார். புண் மூடியது. ஆனால் சர்க்கரை பாதி வழிதான் இறங்கியது. டாக்டர் மறுபடி பேச்சை எடுப்பதற்குள் அவராகவே சட்டைக் கையை மடித்து, "போடுங்க" என்றார். பேச்சுக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. அவர் போகும் படகு ஒரு மாதத்துக்கு மேல் கடலில் தங்கும். இன்சுலின் புட்டி குளிர்ச்சியில் இருக்க வேண்டும், ஆனால் உறைந்துபோகக் கூடாது. முதல் முறை அவர் அதை மீனுக்குப் போட்டிருந்த ஐஸுக்குள் வைத்துவிட்டார். உறைந்து கெட்டுப்போனது தெரியாமல் அதையே போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிவந்தபோது மெலிந்து, கண் குழிந்து போயிருந்தார். மருந்து பிடிக்கவில்லை என்று அவர் சொன்னார். டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மூவருமாக யோசித்தோம். மண்பானையில் ஈர மணல் போட்டு வைக்கலாம் என்றார் டாக்டர். படகு ஆடுகிற ஆட்டத்தில் பானை நிற்காது என்றார் அவர். கடைசியில் வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்றில் கொஞ்சம் ஐஸ் போட்டு, மேலே துணியை நன்றாகச் சுற்றி அதற்கு மேல் புட்டியை வைப்பது என்று முடிவானது. ஐஸ் புட்டியைத் தொடாது, குளிர்ச்சி மட்டும் போகும். சர்க்கரை சட்டென்று குறைந்து கைகால் நடுங்கினால் வாயில் போட்டுக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். ஒரு மாத மருந்துதான் ஒரு தடவையில் தரலாம் என்பது விதி. கடலுக்குப் போகிறவர்களுக்குக் கூடுதலாகத் தர வேண்டும் என்று டாக்டர் மேலதிகாரிகளிடம் விடாமல் பேசி அனுமதி வாங்கினார். அவருக்காக வாங்கிய அனுமதி, கடலுக்குப் போகும் மற்றவர்களுக்கும் உதவியது.

இப்படியே இரண்டு வருடம் போனது. பிறகு ஒரு நாள் டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறது என்று சொன்னார்கள். சர்க்கரை நோயைக் கவனிப்பதில் நாடு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று அளப்பதற்காக, அங்கங்கே சில மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியும் அதில் சேர்ந்திருந்தது.

குழுவின் தலைவி நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு வடநாட்டு டாக்டர். நாங்கள் எத்தனை பேரைச் சோதித்தோம் என்பதைப் பெருமையோடு எடுத்து வைத்தோம். அவர் அதைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். நோய் இருப்பதாகக் கண்டுபிடித்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். கடந்த ஒரு வருடத்தில் அவர்களுடைய காலை யாராவது தொட்டுப் பார்த்தார்களா, கண்ணைச் சோதித்தார்களா, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை என்ன? பதிவில் இருப்பவர்களிலிருந்து குலுக்கிப் போட்டதுபோல் கம்ப்யூட்டர் சில பேரை எடுக்கும், அவர்களை எல்லாம் நேரில் பார்க்க வேண்டும் என்றார். ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அவர் நலமாக இல்லை என்றே கணக்கில் வரும்.

அந்த விதி எனக்கு அநியாயமாகப் பட்டது. எங்கள் மாவட்டத்தில் பாதிப் பேர் வளைகுடாவில், மீதிப் பேர் கடலில் என்று சொல்லலாம். ஆனாலும் தேடினோம். டாக்டரும் நானும் ஆஸ்பத்திரி வண்டியில் ஊர் ஊராகப் போனோம். மகள் வீட்டுக்குத் திற்பரப்புக்குப் போயிருந்த ஒரு அம்மாவை அங்கே போய்ப் பார்த்தோம். குழித்துறைச் சந்தையில் வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்தவரை வேலைக்கு நடுவே உட்காரவைத்தோம். ஒவ்வொருவராகக் கிடைத்துவிட்டார்கள். ஒரே ஒருவர் மிச்சம். நம்முடைய ஸ்ராங்கு. படகு அரபிக்கடலில் எங்கோ இருந்தது.

அவருக்குப் பதிலாகப் பட்டியலில் அடுத்த ஆளை எடுத்துக்கொள்ளலாமே என்று குழுவோடு நடந்த கூட்டத்தில் ஒருவர் சொன்னார். குழுத்தலைவி மறுத்துவிட்டார். வீட்டில் இருப்பவர்களை மட்டும் அளந்தால், வீட்டில் இருக்க முடிந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்றுதான் தெரியும் என்றார். ஆங்கிலத்தில் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. காயம் கட்டும் அறையிலிருந்து போனவர்கள் எல்லாம் எந்தக் கணக்கிலும் வராமல் போனவர்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன். விதியின் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது.

மறுநாள் காலையில் அவருடைய மனைவி ஆஸ்பத்திரிக்கே வந்தாள். வயர்லெஸ்ஸில் சேதி வந்திருக்கிறது, படகு கொச்சிக்கு வருகிறது, மீனை இறக்கிவிட்டு உடனே திரும்பிப் போகிறார்கள், இந்த முறை வீட்டுக்கு வர மாட்டார்கள் என்றாள்.

"நான் கொச்சிக்குப் போறேன் மக்கா," என்றாள் என்னிடம். "அவருக்கு மருந்து கொண்டு குடுக்கணும். நீயும் வாறியா? இரத்தந்தானே வேணும், அங்க எடுக்கப்பிடாதா?"

எடுக்கலாம். மூன்று மாதச் சராசரி பார்ப்பதற்கு வெறும் வயிறு தேவை இல்லை, எந்த நேரத்திலும் எடுக்கலாம். குளிர்பெட்டியில் வைத்தால் இரத்தம் கெடாது. ஆனால் எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் தனியாகப் போய் எடுத்தால் குழு ஏற்காது, அவர்களுடைய ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும். குழுத்தலைவியிடம் டாக்டர் இதைச் சொன்னார். அவர் சற்று யோசித்தார். தான் ஊர் திரும்ப விமானம் ஏறுவதும் கொச்சியில்தான், ஒரு நாள் முன்னதாகப் போனால் ஆயிற்று என்றார். அந்த விதியை ஓர் அறைக்குள் உட்கார்ந்து எழுதியதாகவும், அதன்படி நடப்பது எப்படி இருக்கும் என்று தானும் பார்க்க விரும்புவதாகவும் சொன்னார்.

குழித்துறையில் ரயில் ஏறினோம், மூன்று பெண்கள். என் மடியில் குளிர்பெட்டி. நெத்தோலிக்காரி அக்காவின் மடியில் கணவனுக்கு வைத்த மீன் குழம்பும், மாற்றுத் துணியும், மருந்தும். டெல்லி டாக்டருக்கு ஆங்கிலமும் இந்தியும்தான். அக்காவுக்குத் தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் பேச்சு. நடுவில் நான். திருவனந்தபுரம் தாண்டுவதற்குள் அக்கா தன் கொழுந்தன் கால் போன கதையை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். கணவனின் அண்ணனைக் கொழுந்தன் என்றுதான் அவள் சொன்னாள், அவர்கள் வீட்டில் அப்படித்தான். டெல்லி டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, உங்கள் கணவர் இப்போது நலமாக இருக்கிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கச் சொன்னார்.

அக்கா கொஞ்சங்கூட யோசிக்கவில்லை. "முன்ன வீட்டுக்கு வந்தா கெடந்த கெடைதான், பேச்சும் கெடையாது. இப்ப வந்தா அன்னைக்கே எனக்கிட்ட சண்டை பிடிப்பாரு. மீனு கொள்ளாம், உப்பு போராதுன்னு."

மீன் நன்றாக இருக்கிறது, உப்புத்தான் போதாது என்று சண்டை பிடிப்பாராம் என நான் மொழிபெயர்த்ததும் டெல்லி டாக்டர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இதைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று என்னிடம் கேட்டார்.

துறைமுகத்தில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. சூரையும் கேரையுமாக மீன் கரை முழுக்கக் கிடந்தது. எங்கள் ஊர்ப் படகு கரையணைந்து, ஆட்கள் கயிறு கட்டினார்கள். ஓட்டும் அறையிலிருந்து அவர் இறங்கினார். கரையில் மனைவியையும் பக்கத்தில் என்னையும் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போனது.

"ஆரு மரிச்சது?" என்றார்.

யாரும் சாகவில்லை, உங்கள் இரத்தம் கொஞ்சம் வேண்டும், அதற்குத்தான் வந்தோம் என்றேன். அவருக்கு அது மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆனது. அதுவரை மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். விஷயம் புரிந்ததும் கோபம் வந்தது. ஒரு குழல் இரத்தத்துக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்து மனுஷனைப் பயமுறுத்துவதா என்று சத்தம் போட்டார். அக்கா டெல்லி டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தீர்களா, நான் சொன்ன சண்டை இதுதான் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

கவிழ்த்துப் போட்டிருந்த மீன் பெட்டி ஒன்றில் உட்கார்ந்து கையை நீட்டினார். உப்பும் வெயிலும் ஏறிய கை. நரம்பு தடித்து நன்றாகத் தெரிந்தது. ஒரே குத்தில் கிடைத்தது. குழலை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலக்கிக் குளிர்பெட்டியில் வைத்தேன். டெல்லி டாக்டர் அவருடைய பாதங்களைக் காட்டச் சொன்னார். அந்த மீன் சகதியில் முட்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு வரை பார்த்தார். பழைய வெடிப்பு இருந்த இடத்தில் ஒரு தழும்பு மட்டும் இருந்தது. பிளாஸ்க்கைக் காட்டுங்கள் என்றார். அவர் உள்ளே போய் எடுத்துவந்து, துணியைப் பிரித்துப் புட்டியை எடுத்துக் காட்டினார். சட்டைப் பையில் கருப்பட்டி இருந்தது. கேட்காமலே அதையும் எடுத்துக் காட்டினார். இவ்வளவையும் இந்த மனிதர் நடுக்கடலில், நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லாதபோது, தானாகச் செய்துவந்திருக்கிறார்.

சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆட்களில் இயந்திரம் பார்ப்பவர் முன்னால் வந்தார். நாற்பது வயது இருக்கும். எனக்கும் ஒன்று பாருங்கள் என்று விளையாட்டாக விரலை நீட்டினார். குத்திப் பார்த்தேன். முந்நூறைத் தாண்டியிருந்தது. எண்ணைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. போய்க் கயிற்றுச் சுருளில் உட்கார்ந்துவிட்டார். ஸ்ராங்குதான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏலே, இதுக்கா இப்பிடி இருக்கிய? எனக்கும் உள்ளதுதான். நான் மரிச்சனா?"

ஸ்ராங்கு அவரை இந்த முறை கடலுக்கு வர வேண்டாம் என்றார். அவருக்கு மாற்று ஆள் பார்த்துக்கொள்வதாகவும், எங்களோடு ரயிலில் ஊருக்குப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். தன்னை மூன்று மாதம் வீட்டில் வைத்த டாக்டர்தான், பயப்பட வேண்டாம் என்றார். அன்று திரும்பும் ரயிலிலும் நாங்கள் மூன்று பேராகவே இருந்தோம். டெல்லி டாக்டர் விமானத்துக்குப் போனார். அவர் இருந்த இடத்தில் இயந்திரக்காரர் சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா கொல்லம் வருவதற்குள் அவரைப் பேசவைத்துவிட்டாள்.

ஸ்ராங்கின் முடிவு வந்தது. முகாமில் கண்டுபிடித்த புதிதில் அவருடைய மூன்று மாதச் சராசரி பதினொன்றுக்கு மேலே இருந்தது. இப்போது ஏழரை. எட்டுக்குக் கீழே இருந்தால் கட்டுப்பாட்டில் இருப்பதாக அந்தக் குழு எடுத்துக்கொண்டது. டாக்டர் அந்தத் தாளை என்னிடம் நீட்டிவிட்டு, மேசையில் தாளம் போட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

எல்லாருடைய முடிவும் அப்படி நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. பலருக்குச் சர்க்கரை இன்னும் கூடுதலாகவே இருந்தது. கண் பரிசோதனையில் நாங்கள் மிகவும் பின்தங்கியிருந்தோம், கண் டாக்டரே எங்களுக்குக் கிடையாது. முடிவுகளை அறிவித்த மாவட்டக் கூட்டத்தில் அதையெல்லாம் ஒளிக்காமல் வாசித்தார்கள். ஆனால் அட்டவணையில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு நேராக, காணவில்லை என்ற இடம் காலியாக இருந்தது. எடுத்த பெயர்கள் அத்தனைக்கும் உரிய ஆட்களை நேரில் பார்த்திருந்தோம். வேறெங்கும் இப்படிப் பார்க்கவில்லை என்று டெல்லி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்ததாக எங்கள் டாக்டர் எழுந்து நின்று சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் எங்கள் ஊர்க்காரர்களுடையது போலவே ஏறி இறங்கியது. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் வேலைக்காலத்தில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த வருடம் கண் பார்க்கும் கருவி வந்தது. குழு கண்டுபிடித்த குறையைக் காட்டிக் கேட்டதால்தான் கிடைத்தது என்பது டாக்டரின் எண்ணம்.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது, பேச்சிப்பாறைக்குப் பக்கத்தில் மலையடிவார ஆஸ்பத்திரிக்கு. ரப்பர் வெட்டும் தொழிலாளர்கள்தான் அங்கே அதிகம். விடியுமுன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், நாங்கள் திறக்கும் நேரத்தில் பால் எடுத்துக்கொண்டிருப்பார்கள். போன முதல் வாரத்தில், சர்க்கரை இருப்பதாகப் பதிவில் உள்ளவர்களில் யார் யார் வராமல் நின்றுபோனார்கள் என்று கேட்டேன். அங்கிருந்த இளம் நர்ஸ், வராதவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது சேச்சி என்று என்னிடம் கேட்டாள். வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். மறுநாள் வெளுக்கும் நேரத்தில் அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மடியில் குளிர்பெட்டியோடு, ரப்பர் தோட்டத்துக்குள் போனேன். மரங்களுக்கு நடுவே தலைவிளக்கு கட்டிய ஒருவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். பயப்பட வேண்டாம், வீட்டில் எல்லாரும் நலம் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் காலைக் காட்டச் சொன்னேன்.